ஓப்பன் ஆகாமை: ஓர் ஆராய்ச்சி

பழைய கணினி விளையாட்டு ஒன்றின் ஐகானை இருமுறை தட்டுகிறோம். அம்புக்குறிக்குப் பக்கத்தில் நீல வளையம் ஒன்று சுழல்கிறது. பிறகு சுழல்வதை நிறுத்துகிறது. அதன்பின் ஒன்றும் நடப்பதில்லை. இந்நிலையை இக்கட்டுரை ‘ஓப்பன் ஆகாமை’ என்று வழங்கும். ‘ஓப்பன் ஆகி க்ளோஸ் ஆதல்’, ‘ஹேங்க் ஆகி நிற்றல்’, ‘திரை கறுத்துப் பாட்டு மட்டும் கேட்டல்’ ஆகிய மூன்றினின்றும் இது வேறானது. அம்மூன்றிலும் ஆட்டம் நம்மை மதித்து ஏதோ ஒன்றைச் செய்ய முயல்கிறது. ஓப்பன் ஆகாமையில் அந்த மரியாதையும் இல்லை.

இப்பொருள் பற்றித் தமிழில் முறையான நூல் எழாததற்கு அறிஞர்களின் அலட்சியமே காரணம் என்பார் உளர். அது பொருந்தாது. எழுதத் தகுதி உடையவர்கள் எல்லாரும் இன்னும் அந்த கேமை ஓடவைக்கும் முயற்சியில் இருக்கிறார்கள் என்க.

முதன்மைச் சான்றாக இங்கே கொள்ளப்பட்டது ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி என்ற ஆட்டம். 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கும், 2003இல் கணினிக்கும் வந்தது. 1986ஆம் ஆண்டின் மயாமியைப் போன்ற ஒரு நகரில் நடக்கும் கதை. செய்தவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த் நிறுவனத்தார். எடின்பரோவில் உட்கார்ந்து கற்பனை செய்த மயாமி, தமிழ்நாட்டு ஊர்களின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடியது. ‘பேன்சர்’ என்று தட்டினால் டாங்கி வந்து நிற்கும் என்பது வாய்ப்பாட்டை மறந்துவிட்ட பலருக்கும் இன்றும் மறக்கவில்லை.

ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் இடர் மூலபாடம் பற்றியது. கடைக்கு வந்த அசல் வைஸ் சிட்டி இரண்டு சிடி. இங்கே கிடைக்கும் பிரதிகளோ பல: பர்மா பஜார் பிரதி, ரிச்சி தெருப் பிரதி, அத்தை மகன் பென் டிரைவில் கொண்டுவந்த பிரதி. ஒரே சிடியில் அடக்குவதற்காக வானொலிப் பாட்டுகளையும் வசனக் காட்சிகளையும் உதிர்த்துவிட்டு எடுக்கப்பட்டவை இவற்றுள் உண்டு. எனவே கதாநாயகன் டாமி யார் மேல் கோபமாக இருக்கிறான் என்பதே தெரியாமல் ஆட்டத்தை முடித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது ஒரு குறையாக அவர்களுக்குப் பட்டதில்லை. பென் டிரைவ் பிரதியில் இடைச்செருகல்கள் மிகுதி. அவற்றுள் சில வைரஸ்.

இனி அறிகுறிகள். ஓப்பன் ஆகாத ஆட்டங்களுள் சில வாய் திறந்து ஏதாவது சொல்லும். அந்தச் சொல்லை நம்பலாமா என்பதே இத்துறையின் தலையாய வினா. நம்பலாகாது என்பது இவ்வாய்வாளர் துணிபு. பிழைச்செய்தி என்பது, குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரைக் கைகாட்டும் ஓர் இலக்கிய வகை.

டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட டாஸ் காலத்து நிரல்களை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டிய கணினிகளில் இவற்றுள் பல, ‘ரன்டைம் எரர் 200: பூஜ்யத்தால் வகுத்தல்’ என்று கூறி உயிர்விட்டன. யாரும் எங்கும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. நிரல் தொடங்கும்போதே, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் தன்னால் எவ்வளவு எண்ண முடிகிறது என்று எண்ணிப் பார்க்கும். கணினியின் வேகத்தை அது அறிந்துகொள்ளும் வழி அது. துடிப்பு 55 மில்லிநொடி. எண்ணி வந்த தொகையை 55ஆல் வகுக்கும். புதிய கணினி அந்த நேரத்துக்குள் எண்ணிவிடும் தொகை மிகப் பெரிது. அதை வகுத்து வந்த ஈவு 16 பிட் இடத்தில் கொள்ளவில்லை. ஈவு கொள்ளாமற்போனாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் பிராசசர் எழுப்பும் கூக்குரல் ஒன்றே. ஆக, கணினி வேகமாக இருந்ததுதான் குற்றம். பழி பூஜ்யத்தின் மேல். பிழை எண்ணும் 200, வேகமும் 200 என்பதில் உட்பொருள் தேடுவோர் தேடற்க, அது தற்செயல்.

வேகம் ஒரு நோய் என்பதை முந்திய தலைமுறை அறிந்தே இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தையே நம்பி எழுதப்பட்ட ஆட்டங்கள் அடுத்து வந்த கணினிகளில் கண்மண் தெரியாமல் பாய்ந்தன. எனவே பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் வைத்தார்கள். கணினியை மெதுவாக்க அதைத்தான் அழுத்தினார்கள்.

வைஸ் சிட்டி சொல்லும் செய்தி இன்னும் துணிச்சலானது: ‘640க்கு 480 வீடியோ மோட் கிடைக்கவில்லை.’ 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையின் முன் அமர்ந்திருப்பவரைப் பார்த்து இதைச் சொல்கிறது.

பிறிதொரு செய்தி ‘சிடியைப் போடவும்.’ சிடி உள்ளேதான் இருக்கிறது. சுற்றும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கிறது. இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

அசலா நகலா என்று சோதிக்கும் வழக்கம் தொன்மையானது. ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் டாஸ் வடிவத்தில், முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையெங்கும் எழுத்துகள், மருந்துக் குப்பிகள். கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். மாற்றிக் குடித்தால் இளவரசனுக்கு ஆகாது. ஃபிளாப்பியில் நகல் எடுத்தவரிடம் கையேடு ஏது? கொடிய ஏற்பாடுதான். ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது: கையேடு கிழியாத வரை, எந்த ஆண்டின் எந்தக் கணினியிலும் அந்தச் சோதனையில் தேறலாம்.

பின்னர் வந்த சேஃப்டிஸ்க் என்ற சிடிச் சோதனை முறை அத்தகையதன்று. அது விண்டோஸின் உள்ளறைக்கே போய் ‘செக்டிரைவ்’ என்ற டிரைவராக அமர்ந்துகொண்டது. அதனால் பாதுகாப்புக்கு ஊறு என்று கண்டு, 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. விளைவு அறநூலாருக்குச் சங்கடமானது. காசு கொடுத்து அசல் சிடி வாங்கி, அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்தியவருக்கு ஆட்டம் ஓடாது. பர்மா பஜாரில் வாங்கியவருக்கு ஓடும். அவர் பிரதியில் காவலை யாரோ முன்பே அறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அந்நிலையில் பர்மா பஜார் பிரதியை மூலபாடம் என்று கொள்ள வேண்டிய காலம் ஒன்று வரலாம். பதிப்பாசிரியர்கள் இப்போதே மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது.

சிகிச்சை மரபுகளுள் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பார்’ எல்லாத் துறைக்கும் பொது. இதற்கெனத் தனிச்சிறப்பு இல்லை. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ தீங்கற்றது. செய்பவருக்கு ஒரு பதவி கிடைத்த நிறைவைத் தருவது. டிஎல்எல் மரபினர், ‘டி3டிஎக்ஸ்9_43 காணவில்லை’ என்ற செய்தி கண்டதும், ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கி விண்டோஸுக்குள் போடுவர். 2010 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் அது முறையாக வந்து சேரும். ஆனால் முறையாக வந்ததில் வீரம் இல்லை.

தத்துவச் செறிவு உடையது ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ மரபு. எக்ஸ்பியோடு 2001இல் பரவியது. ஐகான் மேல் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்டீஸுக்குள் போய், விண்டோஸ் 98 என்று டிக் செய்துவிட்டால், ‘இது எந்த விண்டோஸ்?’ என்று ஆட்டம் கேட்கும்போது, கணினி கூசாமல் ‘98’ என்று சொல்லும். பல ஆட்டங்களுக்கு இந்த ஒரு பொய் போதும். 1990களில் வந்த சில ஆட்டங்களுக்குப் போதாது. ஆட்டம் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் செட்அப் நிரல் 16 பிட்டாக இருக்கும்; 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டுவதே இல்லை. விண்டோஸ் 11இலோ 32 பிட் பதிப்பே கிடையாது.

பார்ப்பவர் கண்ணுக்குச் சடங்காகவே படும் சிகிச்சையும் உண்டு. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, விண்டோஸ் 7இல் திறக்கும்; ஆனால் புல்லும் நீரும் சிவப்பும் ஊதாவுமாகக் கிடக்கும். இதற்கு மருந்து: டெஸ்க்டாப்பில் ஸ்கிரீன் ரெசல்யூஷன் சாளரத்தைத் திறந்து, அதில் எதையும் மாற்றாமல், மூடாமல், அப்படியே வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. பகுத்தறிவாளர் நகைப்பர். காரணம் இருக்கிறது. ஆட்டம் 256 வண்ணங்கள் கொண்ட ஒரே தட்டிலிருந்து தீட்டுகிறது. டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்ப்ளோரரும் அதே தட்டில் கை வைக்கிறது. அந்தச் சாளரம் திறந்திருக்கும் வரை கை வைப்பதில்லை. எக்ஸ்ப்ளோரரையே நிறுத்திவிட்டு ஆடிய தீவிரவாதப் பிரிவினரும் இருந்தனர். அப்பா அறைக்குள் வந்தால் சட்டென்று மாறிக்கொள்ள டாஸ்க்பார் இருக்காது என்பது அம்முறையின் குறை.

எஞ்சியிருப்பது ஃபார்மட் மரபு. ‘விண்டோஸ் போட்டா சரியாயிடும் தம்பி’ என்பது இதன் மூலவாக்கியம். இதை எள்ளி நகையாடுவோர் ஒரு கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்: ஃபார்மட் செய்த பிறகு வைஸ் சிட்டி பலருக்கு ஓடிவிடுகிறதே, எப்படி?

விடை, டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அதனுள் ‘ஜிடிஏ_விசி.செட்’ என்றொரு சின்னக் கோப்பு. திரை, ஒலி, விசைகள் என நாம் கடைசியாக வைத்த அமைப்புகளை ஆட்டம் அதில் குறித்துக்கொள்ளும். மானிட்டரோ கிராஃபிக்ஸ் கார்டோ மாறினால், அந்தப் பழைய குறிப்பை நம்பி, இல்லாத ஒன்றைக் கேட்டு, கிடைக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். ஆட்டத்தை அன்இன்ஸ்டால் செய்தாலும் இக்கோப்பு அழியாது. அது ஆட்டத்தின் ஃபோல்டரிலேயே இல்லை. ஆகவே எத்தனை முறை மறுபடி நிறுவினாலும், புதிய ஆட்டம் அதே பழைய குறிப்பைப் படித்து அதே இடத்தில் விழும். சி டிரைவை ஃபார்மட் செய்யும்போது டாக்குமெண்ட்ஸும் சேர்ந்து போகிறது, ஆட்டமும் ஓடுகிறது. எலிக்காக வீட்டைக் கொளுத்தினார்கள். எலி செத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அக்காவின் காலேஜ் ப்ராஜெக்ட் பற்றி ஃபார்மட் மரபின் நூல்கள் பேசுவதில்லை.

இதுகாறும் கூறியவற்றால், மாறியது சுற்றியிருந்த உலகம், ஆட்டம் பாவம் என்ற முடிவு பெறப்படும். இதற்கு வலுவான மறுப்பு உண்டு. விண்டோஸ் 3 காலத்துச் சிம்சிட்டிக்கு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி போய்ப் படிக்கும் பழக்கம் இருந்தது. அப்போது அது யாரையும் உறுத்தவில்லை. விண்டோஸ் 95 உருவானபோது உறுத்தியது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் எனில் அது திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே பறிக்காதிருக்கும்படி விண்டோஸையே மாற்றி எழுதியது. 

ஜிடிஏ வரிசையில் வைஸ் சிட்டிக்கு அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸின் கதை இதனினும் சுவையானது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், அந்த ஆட்டத்தின் ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் காணாமற்போனது. ஆர்வலர் ஒருவர் 2025இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்தது. படகுக்குச் சக்கர அளவு எழுத வேண்டியதில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக்கியவர்கள் சக்கர அளவை எழுத மறந்தார்கள். விடுபட்ட இடத்தில், பட்டியலில் அதற்கு முன்னிருந்த வண்டியின் சக்கர அளவு நினைவகத்தில் மிச்சமிருக்க, ஆட்டம் அதையே எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒருவரும் கவனிக்கவில்லை. புதிய விண்டோஸ் அந்த மிச்சத்தின் மேல் வேறு எதையோ எழுதிவிட்டது, விமானம் போயிற்று. ஆகவே ஆட்டம் அப்பாவி என்ற வாதம் இங்கே தோற்றது. 

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். வைஸ் சிட்டி ஓப்பன் ஆகாவிட்டால், விண்டோஸ் சிடியைத் தேடும் முன் அந்தச் செட் கோப்பை மட்டும் டெலீட் செய்து பாருங்கள். ஆட்டம் தனக்கு வேண்டியதைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். அதே ஃபோல்டரில் ‘ஜிடிஏவிசிஎஸ்எஃப்’ என்று தொடங்கும் கோப்புகளும் இருக்கும். அவை நீங்கள் சேவ் செய்த ஆட்டங்கள். அவற்றைத் தொடாதீர்கள். உதவிக்கு வரும் தம்பி ஃபோல்டரோடு டெலீட் செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள்.