கம்பெனி பஸ்ஸில் ஏறும் காய்ச்சல்

கே: ஃப்ளூ வந்தால் மூன்று நாளில் தானாகப் போய்விடுகிறது. இதற்குப் போய் முன்னேற்பாடு எதற்கு?
– ஷூ கம்பெனி தையல் பிரிவு வாசகி, ஆம்பூர்

ப: வருஷா வருஷம் வருகிற ஃப்ளூவை உடம்புக்குக் கொஞ்சமாவது அடையாளம் தெரியும் அம்மா. பறவையிடமிருந்தோ பன்றியிடமிருந்தோ புதிதாகக் கிளம்பும் வைரஸை யாருக்கும் தெரியாது. பழைய எதிர்ப்புச் சக்தி அதற்கு, ஆறாம் நம்பர் ஷூ ஒன்பதாம் நம்பர் காலுக்குப் பொருந்துகிற அளவுதான் பொருந்தும்.

1918-இல் அப்படிப் புதிதாக வந்த ஃப்ளூவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். உழைக்கிற வயதுக்காரர்களையே அது அதிகம் வாரிக்கொண்டு போனது. 1957-இல் வந்த ஃப்ளூ, சிங்கப்பூர் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியது.

ஆம்பூருக்குள் வர அதற்குக் கப்பல் வேண்டாம், உங்கள் கம்பெனி பஸ் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிரியாணியை ஊருக்கே பங்கு போடுங்கள், தண்ணீர் டம்ளரை மட்டும் வேண்டாம். காய்ச்சலோடு மிஷினில் உட்காராதீர்கள். டாக்டர் சான்று கொடுத்தால், ஈ.எஸ்.ஐ. தகுதி உள்ளவர்களுக்கு விடுப்பு நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். யாரும் போடுகிற பிச்சையல்ல அது. உங்கள் சம்பளத்திலும் பிடித்த பணம்.

வீட்டில் கர்ப்பிணியோ, சர்க்கரை உள்ள மாமியாரோ இருந்தால் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கினால் கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். ஃப்ளூவுக்கு டாக்டர் எழுதித் தரும் ஓசல்டாமிவிர் மாத்திரை, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.