முதன்முறை வெளிநாடு செல்லும் கரையோரத்தாரின் ஓய்வு நிலை: ஓர் ஆரம்ப ஆய்வு

கிழக்கிலங்கைக் கரையில் இவ்வாய்வின் எல்லை வடக்கே மருதமுனை, தெற்கே பொத்துவில். இடையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவை தாமாகவே அடங்கும். சம்மாந்துறைக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் அதை விட்டுவிட்டால் கட்டுரையாளருக்கு மாமி வீட்டில் சோறு கிடையாது என்பதால் அதுவும் சேர்க்கப்படுகிறது.

யார் முதன்முறைப் பயணி என்பதில் தொடங்குகிறது சிக்கல். 1970களிலிருந்தே இக்கரையார் வளைகுடாவுக்குப் போய் வருகிறார்கள். றியாத்தில் பன்னிரண்டு வருடம் உழைத்தவரைப் பார்த்து உங்களுக்கு வெளிநாடு தெரியுமா என்று கேட்க முடியாது. ஆயினும் வேலை தரும் கபீலும் இல்லாமல், இஹ்ராமும் இல்லாமல் விமானம் ஏறுவது அவருக்கும் இதுதான் முதல் தடவை. ஆகவே இவ்வாய்வில் அவரும் புதியவரே.

உழைப்பு, ஹஜ்ஜு, உம்றா, சென்னையில் மருந்து: இந்த நான்குக்குப் போனால் ஊர் வேனடி வரை வந்து அனுப்பிவைக்கும். "மலேசியாவுக்கு அஞ்சு நாள் போறன்" என்றால் "என்ன விசயமா?" என்று கேட்கும். "சும்மாதான்" என்ற விடையை நம்பியவர் எவரையும் ஆய்வாளர் சந்தித்ததில்லை. சொல்ல விரும்பாத நோயா, கடன்காரருக்கு ஒளிப்பா என்பது அன்று அஸருக்கு முன்பே தீர்மானமாகிவிடும்.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1344இல் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபருக்கு, அதாவது சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறினார். காற்று மாறியது, கப்பல் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தது. புத்தளத்தில் அரசன் ஆரியச்சக்கரவர்த்தி விசாரித்தபோது, இந்தத் தீவில் தமக்குள்ள ஒரே ஆசை பாவா ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதுதான் என்றார். காற்றுத் தள்ளிக்கொண்டு வந்த மனிதருக்கும் அரசன் முன்னால் ஒரு விசயம் தேவைப்பட்டது. விளைவு மோசமில்லை: முத்தும் கிடைத்தது, மலையேறப் பல்லக்கும் துணையாட்களும் கிடைத்தன. முதன்முறைப் பயணி இதிலிருந்து பெறவேண்டிய பாடம், ஒரு ஸியாரத்தையோ மருமகனின் பட்டமளிப்பையோ முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்துக்கொள்வதாகும்.

விசயமே இல்லாமல் பயணம் வருபவரை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம்பையில் மாதிரிகள் மணலிலேயே கிடக்கின்றன. வெள்ளைக்காரர் சுபஹோடு எழும்புகிறார், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார், அலையோடு மல்லுக்கட்டித் தோள் வலிக்கத் துடுப்பாகக் கையை வீசுகிறார், ஒரு கீரி மீன்கூட இல்லாமல் திரும்புகிறார். அதே உல்லைக் கரையில் தோணியிலிருந்து இப்படி வெறுங்கையோடு இறங்கும் ஒருவர் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார். இவரோ சிரித்துக்கொண்டே ரொட்டிக்குச் சொல்கிறார். உடலுழைப்பில் இருவருக்கும் வித்தியாசமில்லை. "என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்க வீட்டில் ஆளில்லாததுதான் வித்தியாசம்.

நமது பயணிக்கு ஆள் உண்டு, பட்டியலும் உண்டு. ராத்தாவுக்கு அபாயா, சாச்சிக்குத் துடோங், மூத்தம்மாவுக்குக் கோடாலித் தைலம். போகும்போதும் கை சும்மா இருப்பதில்லை. மாசிச் சம்பல், தொதல், மஸ்கட் எல்லாம் கட்டி, மீன்கடைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்துத்தான் பெட்டி பூட்டப்படுகிறது. கோலாலம்பூரிலும் அந்தப் பெட்டியைச் சுற்றி மாசி வாசம் வீசுவதற்கு மாசி மட்டும் பொறுப்பல்ல.

தயிர்ப் பிரச்சினை தனி நூலுக்குரியது. 2006 ஓகஸ்டில் லண்டனில் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமானது. கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவமும் களியும் ஆகாது என்ற விதி அதன்பிறகு உலகெங்கும் பரவியது. எருமைத் தயிர் எந்த வகை? நல்ல தயிருக்கு அடையாளம் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமை. ஆகவே அது திரவமல்ல என்ற வாதம் தர்க்கப்படி வலுவானது. ஆனால் இரவு முழுக்க மகியங்கனை வளைவுகளில் வேனில் ஆடிவந்து, கட்டுநாயக்கவில் நீண்ட வரிசைக்கு முன்னால் மண்சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உத்தியோகத்தரோடு வாதாடுவது ஓய்வுக்கு உகந்த ஆரம்பமல்ல. மலேசியாவில் படிக்கும் மருமகனுக்கு ஆசைதான், மறுகா வரும்போது சாப்பிடுவார்.

எத்தனை நாள் போகலாம்? போன நாளையும் திரும்பும் நாளையும் கழித்து நான்கு முழுநாள் தங்க நிய்யத்து வைத்தால், ஷாபிஈ மத்ஹபின்படி தொழுகையைச் சுருக்கும் கஸ்ருச் சலுகை போய்விடும். பயண முகவர்கள் விற்கும் "5 நாள் 4 இரவு" பொதியில் அவ்விரு நாளையும் கழித்தால் மிஞ்சுவது மூன்று. முகவர்கள் கிதாபு பார்த்துத்தான் பொதி கட்டுகிறார்கள் என்று நிறுவ முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நான்கு ரக்அத்தை இரண்டாக்கி மார்க்கம் இலேசாக்கிக் கொடுத்த அதே பயணியைத்தான், வழிகாட்டி காலை ஏழுக்கே எழுப்பிப் பத்துமலையில் ஏற்றிச் சொக்கலேட் கடையில் இறக்குகிறார். அங்கே நேரம் இரண்டரை மணித்தியாலம் முன்னே என்பதால், அந்த ஏழு நமது உடம்புக்கு நாலரை.

இதற்கு மருந்தாக ஆய்வாளர் பரிந்துரைப்பது, வழிகாட்டியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மஸ்ஜித் இந்தியா தெருவுக்கு நழுவுவது. தமிழ் காதில் விழும், ஆற்றிய தேத்தண்ணி கிடைக்கும், நிழலும் உண்டு. எந்த ஊர் என்று யாரும் கேட்டால் இலங்கை என்பதோடு நிறுத்தவும். கல்முனை என்றால் அவருக்குத் தெரிந்த சாய்ந்தமருது ஆள் ஒருவர் வந்து சேருவார், பின்னேரம் அவர் வீட்டில் விருந்து, திரும்பும்போது ஊருக்கொரு பார்சல்.

பார்க்காத இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீற்றர், 88 மாடி என்று வேனிலேயே பாடமாக்கிவிடலாம். ஊரில் அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார், அடுத்த கேள்வி "எவ்வளவு முடிஞ்ச?" என்பதுதான். செலவை ரிங்கிட்டில் சொல்லவும். அதை ரூபாயாகப் பெருக்கி முடிப்பதற்குள் இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிடும்.