மாமாவின் 777

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு 7, 8 என்றால் மில்லிமீட்டர்தான் ஞாபகம் வரும். எட்டு மில்லிக் காய்க்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை. அதனால், கடைக் கம்ப்யூட்டருக்கு மச்சான் 777 போட்டிருக்கிறான் என்றதும் மாமா அதை ஏதோ நல்ல ரகம் என்றே நினைத்துக்கொண்டார்.

தோட்டக் கணக்கு ஃபைல் ஒன்று 'பெர்மிஷன் டினைட்' என்று மறுத்திருக்கிறது. மச்சான் ரோஷக்காரன். லினக்ஸின் ஆணிவேரில் போய் உட்கார்ந்து, அத்தனை ஃபைலுக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, உடையவர், குழு, ஊரார் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு 7 வழங்கிவிட்டான். போடியில் இவ்வளவு தாராளமாக யாரும் எதையும் கொடுத்ததில்லை. கம்ப்யூட்டருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நிர்வாகி வேலைகளைச் செய்யும் 'சுடோ' படுத்தேவிட்டது: அதன் விதிகள் இருக்கும் ஃபைலை எவனும் திருத்தலாம் என்றால் அதை அது எப்படி மதிக்கும்? நிர்வாகி அதிகாரத்தோடு ஓட அதற்கிருந்த 'செட்யூஐடி' முத்திரையும் 777 போட்டதில் அழிந்துபோயிற்று. தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையவிடும் எஸ்எஸ்எச்சோ, சாவி இப்படித் திறந்து கிடந்தால் தொடமாட்டேன் என்றது.

ஆப்பிள் மேக்கில் இப்படிக் கலைந்த அனுமதிகளை ரிப்பேர் செய்ய முன்பு ஒரு பொத்தானே இருந்தது. ஆப்பிள் நிறுவிய ஃபைல்களின் அனுமதியைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும்; அவ்வளவுதான். ஆனால் ஃபேன் இரைந்தாலும், பிரிண்டர் முறைத்தாலும் ஜனங்கள் அதையே அழுத்தினார்கள். 2015-ல் எல் கேப்பிடன் என்ற மேக் பதிப்பில் ஆப்பிள் அதை எடுத்துவிட்டு, சிஸ்டம் ஃபைல்களை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டது.

மாமாவின் பெட்டியில் அந்தப் பொத்தானும் இல்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, கணக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, மற்றதைப் புதிதாக நிறுவினேன்.

"அனுமதின்னா என்ன மாப்ள?" என்றார் மாமா. அவருக்கு இது புரியாமல் போக வழியே இல்லை. அவர் தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், கேரளத்து ஏலமலைக் காட்டில். அங்கே நிலம் வருவாய்த் துறை பொறுப்பு, மரம் வனத்துறை பொறுப்பு, நிழலில் காய்க்கிற ஏலக்காய்தான் மாமாவுக்கு. மரத்தை வெட்ட வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும்.

"அப்ப மரம் எனக்கு வெறும் 4."

"அதேதான் மாமா."

"சரி, கணக்கு ஃபைல்ல எனக்கு எவ்வளவு?"

"கணக்குப்பிள்ளைக்கு 6. உங்களுக்கு 4."

"அவனுக்கு?" என்று மகன் பக்கம் திரும்பினார்.

"பூஜ்யம்."

"அப்ப 4 நல்ல ரகந்தான்," என்றார்.