பால் பல்லும் முதல் சுருளும்

கேள்வி (மன்னார்குடி): குலதெய்வக் கோயிலில் மகளுக்கு முதல் மொட்டை. ஒரு சுருளை மட்டும் நான் எடுத்து வைத்தால் சாமி குத்தம் ஆகுமா?

பதில்: வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் மொட்டைக்கு முன் கத்தரி படக்கூடாது என்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீடும் அப்படியென்றால் சுருள் சாமிக்கே போகட்டும். சீப்பில் உதிர்ந்த நாலு இழை உங்களுக்குப் போதும். அவை நேர்த்திக்கடன் கணக்கில் வராது.

கேள்வி (கோவை): நாங்கள் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தவர்கள். பெட்டியில் பூட்டி வைப்பது வெள்ளைக்காரர் பழக்கம்தானே?

பதில்: அவர்களுக்கும் அது உண்டு. விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்கு 1847-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பால் பல் ஆடியது. பிடுங்கியவர் அப்பா ஆல்பர்ட். அம்மா அதைப் பூ வடிவத் தங்க ப்ரூச்சில் பதித்துக்கொண்டார். ஜப்பானில் குழந்தையின் முதல் முடியில் தூரிகை செய்கிறார்கள், தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் வைக்கிறார்கள். நாம் மட்டும் என்ன? காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தை இடுப்பிலேயே கட்டியவர்கள். நம் பெட்டி அளவில் சிறியது, அவ்வளவுதான்.

கேள்வி (சென்னை): விழுந்த பல்லால் யாருக்காவது பயன் உண்டா?

பதில்: உலகத்துக்கே பயன்பட்டிருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகள் வானத்தில் நடந்த காலம். அந்தத் தூசியிலிருந்த ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் படிந்து, பசும்பால் வழியே குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-இல் மருத்துவர் லூயிஸ் ரீஸும் மற்றவர்களும் பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பல் அனுப்பிய பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகமான பற்கள் வந்தன. குண்டுச் சோதனை பெருகப் பெருகப் பல்லிலும் அந்த நஞ்சு கூடியது தெரிந்தது. 1963-இல் வான்வெளிச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்ததற்கான காரணங்களில் இந்தப் பற்களும் உண்டு.

அதோடு முடியவில்லை. 2001-இல் ஒரு கிடங்கில் ஏறத்தாழ 85,000 பற்கள் மிஞ்சிக் கிடந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றோடும் பிள்ளையின் விவர அட்டை இருந்ததால், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளைத் தேடி மறுபடி ஆய்வு செய்ய வழி பிறந்தது. அட்டை இல்லையென்றால் அவை வெறும் பற்கள்தான். பல்லை வைக்கப் பெட்டி வாங்குகிற ஒவ்வொரு அம்மாவுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது: வெள்ளி மூடியைவிட உள்ளே வைக்கும் துண்டுச்சீட்டு முக்கியம்.

கேள்வி (சேலம்): பல்லில் ஸ்டெம் செல் இருக்கிறதாமே, பின்னால் வைத்தியத்துக்கு உதவுமா?

பதில்: அலமாரிப் பெட்டியில் இருக்கும் பல் உதவாது. காய்ந்ததும் செல்கள் செத்துவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): பத்திரப்படுத்துவது எப்படி?

பதில்: பல்லைச் சோப்புத் தண்ணீரில் மென்மையாகத் தேய்த்து ரத்தக்கறையைப் போக்குங்கள். பிளீச்சிங் வேண்டாம். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும். முடியில் எண்ணெய் இருந்தால் அலசிக் காயவைத்து, நூலால் கட்டி, வெள்ளைத்தாளில் மடியுங்கள். செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி முடியோடு ஊறிவிடும். முடியைத் தின்னும் பூச்சிகள் உண்டு, வருடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

கேள்வி (மதுரை): ஆறு வயது மகன் பல்லைத் தரமாட்டேன், கூரைமேல் எறியப்போகிறேன் என்கிறான்.

பதில்: அவன் பல், எறியட்டும். பால் பல் மொத்தம் 20. இது முதல் பல் என்றால் இன்னும் 19 இருக்கிறது, பேசிப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): எங்களுக்கு ஒரே அச்சில் இரட்டைப் பெண்கள். முடி கலந்துவிட்டால் பிரித்துச் சொல்ல முடியுமா?

பதில்: வழக்கமான மரபணுச் சோதனைகூடத் திணறும். பென்சிலை எடுத்து இப்போதே பெயரை எழுதுங்கள்.