மாமா டிபார்ட்மெண்ட்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் என் மச்சினனுக்கு ஒரு டீக்கடை. கும்பகோணம் பஸ் ஜனங்களும், கரும்பு சீசனில் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்கு லோடு கொண்டுபோகும் டிராக்டர்காரர்களும்தான் வாடிக்கை. கடைக்குச் சுகாதார ஆலோசகராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. தகுதி, பிளஸ் டூ வேதியியலில் தட்டுத்தடுமாறித் தேறியது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. உரிமம், பதிவுக்கான விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் நாலாவது அட்டவணைதான் சுத்தத்துக்கான பாடம். அதை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். ஒட்டியவன் படிக்க வேண்டும் என்று அதில் எங்கும் போடவில்லையே! சுத்தம் செய்யும் ரசாயனத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலக்கணும், பெயர் எழுதிய டப்பாவில், சாப்பாட்டுச் சாமான்களை விட்டுத் தள்ளி வைக்கணும். இது அதிலேயே இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் கலந்தது கைக்கு வந்த அளவு. பத்து லிட்டர் பக்கெட்டில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். பாத்திரம், மேசை போன்றவற்றில் தெளித்துவிட்டு அலசாமல் விடுவதானால் குளோரின் 200 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 200 பங்குக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க விதி. பத்து லிட்டருக்கு ஆறு கிராம் பவுடர் போதும். என் கைப்பிடியோ அறுபது கிராமாவது தேறும். ஆக, பத்து மடங்கு. கிளாஸ் கழுவுகிற பையனுக்கு விரல் தோல் உரிந்தது. எவர்சில்வர் ஃபில்டரில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. கிருமி செத்ததோ இல்லையோ, ஃபில்டர் செத்தது.

கணக்கு தெரிந்ததும் அடகுக் கடைத் தராசைக் கடன் வாங்கி, ஆறு கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டேன். பவுடர் மட்டும் போன மழைக்காலத்தில் பிரித்து, திண்ணையில் வாய் திறந்தே கிடந்த பொட்டலம். காற்றிலும் ஈரத்திலும் குளோரின் போய்விட்டால் மிஞ்சுவது சுண்ணாம்பு. தராசு வைத்து நிறுத்து வாடிக்கையாளர்களுக்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் கிளாஸ் கழுவிக் கொடுத்த ஆலோசகர் தென்னாற்காட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெற்றிலை மட்டும்தான் பாக்கி.

அடுத்தது பினாயில். பினாயில் இங்கே மருந்துச் சட்டத்தில் வருகிற சரக்கு. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஓ’ அட்டவணை அதைத் தரம் பிரிக்கிறது. கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு வீரியம் என்று பார்க்கும் ரிடீல்–வாக்கர் சோதனைதான் அளவுகோல். தரையும் கழிவறையும் கழுவத்தான் அது. எனக்குத் தெரிந்தது, பெரிய எண் போட்ட பாட்டில் நல்ல பாட்டில் என்பது. கறுப்புப் பினாயிலில் துணி நனைத்து, கிளாஸ் கவிழ்க்கிற கல்மேடை முழுக்கத் துடைத்துவிட்டேன். புதுப் பொட்டலம் பிரித்துக் கலந்த பிளீச்சிங் தண்ணீரில் அலசிய கிளாஸ்களை அதன் மேலேயே கவிழ்த்தான் பையன்.

அன்றைக்கு முதல் டீ குடித்த டிராக்டர்காரர் முகத்தைச் சுளித்தார். “என்னப்பா, டீ ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?” பால்காரரைத் திட்டினோம். டீத்தூளை மாற்றினோம். போர் தண்ணீரை விட்டுவிட்டு கேன் வாங்கினோம். வாடை அசையவில்லை. பினாயிலில் இருக்கும் பீனாலோடு குளோரின் சேர்ந்தால் குளோரோபீனால் ஆகிவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். ரசாயனப் பாடத்தில் இதெல்லாம் இருந்திருக்கலாம். நான் தேறிய மார்க்குக்குள் இல்லை.

இப்போது மச்சினன் நாலு சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் வாங்கி, இருமல் மருந்து மூடியால் பத்துப் பத்து மில்லியாக அளக்கிறான். பக்கெட்டுக்கு ஐந்து மூடி. முதலில் சோப்புப் போட்டுக் கழுவல், பிறகுதான் இந்தத் தண்ணீர்; அழுக்கு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். என்னைப் பக்கெட் பக்கமே விடுவதில்லை. பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டும் வேலையை மட்டும் கொடுத்தான். ‘பிளீச், குடிக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் அழகாக எழுதினேன்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீரியம் நாளாக நாளாகக் குறையுமே. பிரிச்ச தேதி எங்கே?”

மச்சினன் என்னைக் கை காட்டினான். “அது மாமா டிபார்ட்மெண்ட் சார்.”