மீன் இல்லை, அடியேன்

அன்புள்ள அப்பத்தாவுக்கு, துபாயிலிருந்து உன் பேரன் எழுதிக்கொள்வது. அவன் நலம். எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. அதற்கு அல் ரிக்கா தெருவில் இருக்கும் ஒரு பாலஸ்தீனச் சாப்பாட்டுக்கடைதான் காரணம்.

கராமாவில் பேரன் தங்கியிருக்கும் அறையில் இரண்டடுக்குக் கட்டில் நான்கு, ஆட்கள் எட்டுப் பேர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தினமும் அதே சாம்பார் சலித்துப்போய், மெட்ரோ ஏறி அங்கே போனான். மேஜையில் தட்டு வருவதற்குள் கமகமவென்று ஒரு வாசனை. என்னவென்று கேட்கப் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "மீன்?"

"வேண்டாங்க, இன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை" என்றான் பேரன், தெரிந்த இங்கிலீஷில்.

"மீன்?" குரல் உயர்ந்தது. பேரன் மறுபடியும் பெருமாள் விரதத்தை விளக்கினான். மூன்றாவது "மீன்" வந்தபோது பரிமாறுகிற பையன் ஓடி வந்து சொன்னான்: அவர்கள் பேசுகிற அரபியில் "மீன்" என்றால் "யார்".

உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் நம் திருக்கோஷ்டியூர் நம்பியும், உபதேசம் கேட்டு வந்த ராமானுஜரிடம் கதவுக்குள்ளிருந்து இதைத்தானே கேட்டார்? "நான் ராமானுசன்" என்றதற்குத் திருப்பி அனுப்பினார். ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டுத் தடவை நடையாய் நடந்து, கடைசியில் "அடியேன்" என்றபோதுதான் உபதேசம் கிடைத்தது. சௌமிய நாராயணப் பெருமாள் ஊர்க்காரனுக்கு இது தெரியாதா? பதினெட்டு என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டான்.

அந்த வாசனை மக்லூபாவுடையது. பேரன் பிடிக்கப் போனது அதன் பக்குவத்தை. பெயருக்கே "கவிழ்த்தது" என்றுதான் அர்த்தம். அடியில் கறி, அதன்மேல் பொரித்த கத்தரிக்காயோ காலிஃபிளவரோ, அதற்கும் மேல் அரிசி. பட்டையும் ஏலமும் போட்டு வேகவைத்து, சட்டியோடு பெரிய தாம்பாளத்தில் கவிழ்க்கிறார்கள். நம் வீட்டில் சட்டியைக் கவிழ்த்தால் சோறு தீர்ந்தது, போய்ப் படு என்று பொருள். இங்கே அப்போதுதான் விருந்து ஆரம்பம். சட்டியின் முதுகில் நாலு தட்டுத் தட்டித் தூக்கினால், கேக் மாதிரி நிற்கிறது சோறு.

மற்றதெல்லாம் உனக்குப் புதிதில்லை. ஃபலாஃபில் நம் பருப்பு வடைக்குப் பங்காளி. கொண்டைக்கடலையை ஊறவைத்து, வேகவைக்காமல், மல்லித்தழை, சீரகம், பூண்டோடு அரைத்துப் பொரிக்கிறார்கள். அதே கடலையை வேகவைத்து எள் விழுதோடு அரைத்தால் ஹம்முஸ். நாப்லஸ் ஊர் குனாஃபாதான் அதிசயம். உப்புப் போட்ட பாலாடைக்கட்டியை, உப்புப் போகுமட்டும் தண்ணீரில் ஊறவைத்து, அதன்மேல் சர்க்கரைப்பாகு ஊற்றுகிறார்கள். முதலிலேயே உப்புப் போடாமல் இருக்கலாமே என்று நீ கேட்பாய். பேரனும் கேட்டான். சமையல்காரர் முறைத்தார்.

ஜுமைரா லேக் டவர்ஸ் பக்கம் "பைத் மர்யம்", அதாவது மர்யம் வீடு என்று ஒரு கடை. சலாம் தக்காக் என்கிற அம்மாள் தன் தாயார் பேரில் நடத்துகிறார், நம் காரைக்குடியில் ஆச்சி பேரில் மெஸ் வைப்பது மாதிரி. 2024-ல் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வட்டாரத்தின் சிறந்த பெண் சமையல் கலைஞர் என்று அவருக்கு விருதும் கொடுத்தார்கள். பேரன் அங்கே ஒரு தடவை போனான். அடுத்த தடவை சம்பளம் உயர்ந்த பிறகு.

பதினெட்டாம் தடவை அல் ரிக்கா சமையல்காரர் ரகசியத்தைச் சொன்னார். கவிழ்த்த சட்டியை உடனே தூக்கக்கூடாது, பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்றார். பேரன் அன்று இரவே கட்டிலின் மேல்தட்டில் ஏறி, கூரையில் தலை இடிக்க, ஏழு பேருக்கும் அறிவித்தான். மறுநாள் செய்தார்கள். பரமக்குடிக்காரருக்குப் பசி, இரண்டாவது நிமிஷமே தூக்கிவிட்டார். தாம்பாளம் முழுக்கச் சரிந்தது. "பேரை மாத்துங்கப்பா, உப்புமான்னு வைங்க" என்றார் தேவகோட்டைக்காரர். ஆனால் பருக்கை மிஞ்சவில்லை.

சமையல்காரரின் தாத்தா யாஃபா ஊர். 1948-ல் ஏழு லட்சம் பாலஸ்தீனர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்ததே, அதில் அந்தக் குடும்பமும் ஒன்று. இவர் பிறந்தது அம்மானில். யாஃபாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர் ஆரஞ்சு எப்படி இனிக்கும் என்று பேரனுக்கே பாடம் எடுக்கிறார். பேரன் பதிலுக்கு நம் ஊர் மாசித் தெப்பத் திருவிழாவைச் சொன்னான். விசா கிடைக்க வேண்டுமென்று நீ குளத்துப் படியிலிருந்து விளக்கு எடுத்துவந்து வீட்டில் வைத்ததையும், கிடைத்ததும் மறுவருஷம் போய் ஏற்றியதையும் சொன்னான். மனிதர் கொஞ்ச நேரம் கரண்டியைத் தொடவில்லை. பிறகு, ஊருக்குப் போவதற்கும் அங்கே விளக்கு எடுக்கலாமா என்று கேட்டார்.

வருகிற மாசிக்கு அவருக்கும் ஒன்று எடுத்து வை, அப்பத்தா. என்ன எண்ணெய் ஊற்றுவீர்கள் என்றார். நெய் என்றான் பேரன். ஆலிவ் எண்ணெய் இன்னும் நன்றாக நின்று எரியும் என்று சாதிக்கிறார். ஊருக்கு வருகிற பரமக்குடிக்காரரிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறார். பச்சையாக இருக்கும், பயப்படாதே. குழம்பில் மட்டும் ஊற்றிவிடாதே.

இப்படிக்கு,
உன் பேரன்