நாற்பது பர்சன்ட் ஏப்பம்

அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டமன் என்றொரு இளைஞர் சதுப்பு ஏரி ஒன்றைப் பல வருடம் துருவித் துருவி ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1942-இல் அது அச்சாகும் முன்பே இறந்தும் போனார். பாசியைப் புழு தின்று, புழுவை மீன் தின்று, சக்தி படியேறும்போது படிக்குப் படி பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதுதான் அவர் கண்டது. பாடப்புத்தகங்கள் அதை ‘பத்து விழுக்காடு விதி’ என்று சுருக்கிக்கொண்டன. புல்லில் ஆயிரம் கலோரி இருந்தால் மானுக்கு நூறு, சிறுத்தைக்குப் பத்து. மற்றதெல்லாம் மூச்சிலும் ஓட்டத்திலும் உடம்புச் சூட்டிலும் போய்விடும். காட்டில் மான் மந்தையாகவும் சிறுத்தை ஒன்றிரண்டாகவும் இருப்பது அதனால்தான்.

பாவம், மனிதர் பெங்களூரைப் பார்த்ததில்லை.

2018 பிப்ரவரியில் அரண்மனை மைதானத்துப் பொதுக்கூட்டத்தில் பிரதமர் மோடி, கர்நாடகத்தின் சித்தராமையா அரசை ‘பத்து பர்சன்ட் சர்க்கார்’ என்றார். உயிரியல் பாடத்தோடு இவ்வளவு ஒத்துப்போன அரசியல் குற்றச்சாட்டை நான் கேட்டதில்லை. பிறகு ஆட்சி மாறியது, விதியும் மாறியது. பில் பாஸாக நாற்பது விழுக்காடு வரை அழ வேண்டியிருக்கிறது என்று மாநில ஒப்பந்தக்காரர்கள் சங்கம் 2021-இல் அதே பிரதமருக்குக் கடிதம் எழுதியது. 2022-இல் நகரச் சுவர்களில் முதல்வர் முகத்தோடு, ‘பேடிஎம்’ பாணியில் ‘பேசிஎம்’ சுவரொட்டி ஒட்டினார்கள், ஸ்கேன் செய்ய கியூஆர் கோடும் சேர்த்து. 2023-இல் ஒட்டிய காங்கிரஸ்காரர்களே ஆட்சிக்கு வந்தார்கள். 2024 பிப்ரவரியில் சங்கத் தலைவர் கெம்பண்ணா, அந்த நாற்பது அப்படியேதான் இருக்கிறது என்றார். இரண்டு ஆட்சியும் மறுத்தன. மாடு தின்கிற சிறுத்தைகூட மறுக்கும், பேச வாய் மட்டும் இருந்தால்.

கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய் ரோடு. சங்கம் சொன்ன நாற்பது மேலே ஏறிவிட்டது. வரி போக, ஒப்பந்தக்காரர் லாபம் போக, மிஞ்சியதில் ஜல்லியும் தாரும். முதல் மழையில் தார் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது, ஜல்லி ஸ்கூட்டர்காரன் முழங்காலுக்குப் போகிறது. அடுத்த மாதம் அதே பள்ளத்துக்குப் புது டெண்டர். காட்டில் புல் முளைக்க மழை வேண்டும். இங்கே பள்ளம் முளைக்க மழை வேண்டும். தின்னத் தின்னத் தீராத மேய்ச்சல்! 2025-இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தது நிர்வாக வசதிக்காகத்தானாம். ஒரு காட்டில் ஒரு சிறுத்தை இருந்த இடத்தில் ஐந்தை விட்டால் மான் கதி என்ன என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள்.

நிஜச் சிறுத்தையும் இந்த ஊருக்கு வந்ததுண்டு. 2023 அக்டோபர் கடைசியில் கூட்லு கேட் பக்கம் ஒன்று வழிதவறி வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேமராவில் அது நடந்து போனதை நாடே பார்த்தது. நவம்பர் 1-ஆம் தேதி பிடிக்கப் போனவர்களை அது தாக்க, சுட்டார்கள், செத்தது. மொத்த நகரமும் பெருமூச்சு விட்டது. சொத்துப் பதிவான காத்தா இல்லை, சர்வே நம்பர் இல்லை, கையில் ஒரு கவர்கூட இல்லாமல் பெங்களூரில் குடியேற வந்த பிராணி வேறென்ன ஆகும்?

அதன் வீட்டை யார் தின்றது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பன்னேருகட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் சூழல் காப்பு வளையம் இருந்தது. 2020-இல் இறுதி அறிவிக்கை வந்தபோது 168.84. நூறு சதுர கிலோமீட்டரை எலும்பு மிச்சமில்லாமல் விழுங்கிய வாயை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை. மயக்க ஊசியோடு எவரும் துரத்தவில்லை. ஏரி விஷயமும் அப்படித்தான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆனது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. தனியார் ஏப்பம் விட்டால் ஆக்கிரமிப்பு, சர்க்கார் விட்டால் வளர்ச்சி. பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் ஏரி நிலம் போய்விட்டது என்று கோளிவாட் தலைமையிலான சட்டமன்றக் குழுவே அறிக்கை கொடுத்தது. அறிக்கையையும் ஏதோ ஒன்று தின்றிருக்க வேண்டும்.

இயற்கை ஒரு நியாயம் வைத்திருக்கிறது. சக்தி மேலே போகப்போகக் குறையும், ஆனால் விஷம் மேலே போகப்போகக் கூடும். வயலில் தெளித்த டிடிடி மீனுக்கு ஏறி, மீனிலிருந்து கழுகுக்கு ஏறி, அமெரிக்காவின் தேசியப் பறவையுடைய முட்டையோட்டையே மெலிய வைத்தது. உச்சியில் உட்கார்ந்து தின்பவனுக்கு அதற்கான தண்டனையும் உச்சத்தில்தான். பெங்களூர்தான் இந்த நியாயத்தை உடைத்த ஊர். இங்கே காசு மேலே போகப்போகக் கூடுகிறது, விஷம் கீழேயே தங்குகிறது. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத்தண்ணியும் கலந்து பெல்லந்தூர் ஏரி நுரைத்தது; 2018 ஜனவரியில் தீப்பிடித்து, அணைக்க ராணுவத்தினர் வர வேண்டியிருந்தது. தண்ணீர் எரிகிற ஊரில் மேலே இருக்கிற யாருக்கும் ஒரு முடிகூடக் கருகவில்லை. மூச்சு முட்டியதெல்லாம் கரையில் குடியிருந்தவர்களுக்கு, மறுநாள் குப்பை அள்ள வந்த பௌரகார்மிகர்களுக்கு.

கரையோடும் நிற்கவில்லை. பெல்லந்தூர் வழிந்து வர்த்தூர், வர்த்தூர் வழிந்து தென்பெண்ணை, அங்கிருந்து நேராக ஓசூர் கெலவரப்பள்ளி அணை. மழை பெய்தால் மதகில் வெள்ளை வெள்ளையாய் நுரை மலை எழும்பும். காற்றடித்தால் பறந்துபோய் வயலில் விழும். நந்திமங்கலம் தரைப்பாலத்தை நுரை மூடி, போக்குவரத்து நின்றிருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயி காய்கறி போடுகிறார். காய்கறி லாரி ஏறுகிறது. அவருக்குப் பெங்களூரில் ஓட்டும் இல்லை, பர்சன்ட்டும் இல்லை.

தமிழ்நாடு காவிரியில் தண்ணீர் கேட்டால் 2023 செப்டம்பரில் நடந்த மாதிரி பெங்களூர் பந்த். நுரைக்கு மட்டும் பந்த் கிடையாது, ஆணையம் கிடையாது, டிஎம்சி கணக்கு கிடையாது. கேட்காமலே, ஒவ்வொரு மழைக்கும், முழு அளவில் திறந்துவிடுகிறார்கள்.